பரதம் பழகின உடம்பு கண்டிய நடனம் படித்தால் கெட்டுப்போகுமா? கம்பஸ் போவது பற்றி ஒரு கேள்வி

தெஹிவளைச் சலங்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறேன். கலைப்பிரிவு, அதில் பரதம் ஒரு பாடம். சின்ன வயதிலிருந்தே வெள்ளவத்தையில் ஒரே டீச்சரிடம்தான் படிக்கிறேன், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளும் நாலாம் தரம் வரை செய்திருக்கிறேன். கம்பஸிலும் நடனம்தான் படிக்கப்போகிறேன், அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் எங்கே படிப்பது, எதைப் படிப்பது என்பதில்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் முழுக்கப் பரதம், முழுக்கத் தமிழில். அம்மாவுக்கு அதுதான் விருப்பம், அங்கே நடனம் படிப்பிக்கிற மருதனார்மடத்துக்குக் கிட்ட சொந்தக்காரர் வீடும் இருக்கிறது. ஆனால் எனக்கு இங்கே கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய், கண்டிய நடனம், பகதரட்ட நடனம், சப்ரகமுவ நடனம் என்று சிங்கள மரபுகள் எல்லாம் பக்கத்தில் நடக்கிற இடத்தில் இருந்து படிக்க ஆசை. நவம் பெரஹராவில் கங்காராமைக்குப் பக்கத்தில் நின்று வெஸ் தலையணி போட்ட கண்டிய ஆட்டக்காரர்களைக் கிட்டத்தில் பார்த்ததிலிருந்து, அந்த மேளம் எனக்குள் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை, அதைப் படிக்காமல் விட்டால் சரிவராது என்று இருக்கிறது.

டீச்சரிடம் சொன்னேன். பரதத்துக்கென்று பழகின உடம்பில் இன்னொன்றை ஏற்றினால் இரண்டும் நிற்காது, முழங்கால் மடித்து நிற்கிற அரைமண்டியே போய்விடும் என்றா. அவவில் எனக்குச் சரியான மரியாதை, சும்மா சொல்கிற ஆளும் இல்லை. உண்மையிலேயே அப்படி நடக்குமா? தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை அங்கே போய்ச் சமாளிக்க ஏலுமா? பல மரபுகளைச் சேர்த்துப் படிப்பதால் என்ன கிடைக்கும், அல்லது ஒன்றை ஆழமாகப் படிப்பதுதான் நல்லதா? படித்தவர்கள், படிப்பிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் பரதத்தோடு போய் சிங்களப் பிள்ளைகளுக்கு நடுவில் நடனம் படித்து முடித்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்பு கெடாது. ஆனால் குழம்பும், அதுவும் முதல் செமஸ்டரில் நன்றாகவே குழம்பும். எப்படி என்றால், உங்கள் அரைமண்டியில் குதி இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்திருக்கும், முழங்கால் பக்கத்துக்கு விரியும், முதுகு நூல் பிடித்த மாதிரி நிற்கும், நாட்டியாரம்பத்தில் கை தோளுக்கு நேரே நீண்டு போகும். கண்டிய நடனத்து மண்டியிலும் முழங்கால் மடிந்து பக்கத்துக்குத்தான் விரியும், பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பாதங்கள் அகன்று நிற்கும், முழங்கை தோள் உயரத்தில் மடிந்து கை நெஞ்சுக்கு முன்னால் வளைந்து வரும். எனக்கு அடி எடுத்து வைத்தவுடனே கை தானாக நீண்டுவிடும். படிப்பித்தவர் பின்னால் வந்து ஒன்றும் பேசாமல் இரண்டு விரலால் என் முழங்கையை மடக்கிவிட்டுப் போவார். அதோடு மேளத்துக்கேற்ப உடம்பு முழுக்க எழும்பித் தாழ்கிற ஒரு துள்ளல் இருக்கிறது. பரதத்தில் உயரம் மாறாமல் ஆட வேண்டும் என்று அத்தனை வருடம் பழகினவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம். முகமும் அப்படித்தான். நாங்கள் பாட்டைக் கேட்டாலே கண்ணும் புருவமும் கதை சொல்லத் தொடங்கிவிடும். அங்கே கஜகா வன்னம் என்கிற யானை ஆட்டமோ துரங்கா வன்னம் என்கிற குதிரை ஆட்டமோ ஆடும்போது யானையும் குதிரையும் நடையிலும் தாளத்திலும் வர வேண்டும், முகபாவத்தால் இல்லை.

இதெல்லாம் நடக்கிறபோது ஒரு விஷயம் புரிந்தது. என்னுடைய பரதத்தில் எது என் பழக்கம், எது அந்த மரபின் இலக்கணம் என்று அதுவரை எனக்கே பிரித்துத் தெரியாது. வேறொரு உடம்புக்கணக்கை எடுத்துப் பார்த்த பிறகுதான் அரைமண்டி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். என் அரைமண்டி போகவில்லை, இன்னும் கீழே போனது என்றுதான் சொல்வேன்.

தாளத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கண்டிய நடனத்துத் தாள அளவுகளில் சுளு தித என்றால் இரண்டு, மெதும் தித மூன்று, மஹ தித நாலு. சுளுவும் மெதுமும் சேர்ந்தால் ஐந்து, அதை நீங்கள் கண்டத்தில் தகதகிட என்று ஏற்கெனவே காலில் வைத்திருக்கிறீர்கள். மெதுமும் மஹவும் சேர்ந்தால் ஏழு, மிஸ்ரம். கண்டிய மேளமான கெட்ட பெரயவில் முதலில் படிப்பிக்கிற ஒலிகள் தத், ஜித், தொங், நங். மிருதங்கத்தில் முதல் பாடம் த, தி, தொம், நம். அந்த வகுப்பில் முதல் முதலாக உட்கார்ந்தபோது எனக்கு வேறு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கவில்லை.

மொழிதான் உண்மையான பிரச்சினை, அதை மறைக்க மாட்டேன். விரிவுரைகள் பெரும்பாலும் சிங்களத்தில். கடையில், பஸ்ஸில் கதைக்கிற சிங்களம் போதாது, வாசிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், ஏனென்றால் வரலாறு, கோட்பாடு எல்லாம் எழுதித்தான் பாஸ் பண்ண வேண்டும். பரீட்சை எந்த மொழியில் எழுதலாம் என்பதைச் சேருவதற்கு முன்னமே துறையில் நேரில் போய்க் கேளுங்கோ, வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கோ. ரிசல்ட்ஸ் வரும்வரை சும்மா இருக்கிற இந்தக் காலத்தில் சிங்களம் வாசிக்கப் பழகுங்கோ, அதைவிடப் பிரயோசனமான வேலை இப்போது உங்களுக்கு இல்லை.

நட்டுவாங்கம் எழுதியது:

நான் பம்பலப்பிட்டியில் பரதம் படிப்பிக்கிறேன். பிள்ளையின் டீச்சர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட வேண்டாம். மூன்று நடனத்தில் முக்கால் முக்காலாகக் கற்றுக்கொண்டு ஒன்றிலும் நிற்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், போட்டிக்கென்று ஒரு மாதத்தில் ஃபியூஷன் என்று எதையோ கலந்து ஆடுகிறார்கள், காலும் இல்லை, பாவமும் இல்லை. அலாரிப்பிலிருந்து தில்லானா வரை ஒரு மார்க்கம், அதில் நீண்ட உருப்படியான ஒரு வர்ணம் முழுசாக, மூச்சு வாங்காமல் ஆடுகிற அளவுக்கு உடம்பு நின்ற பிறகுதான் வேறு மரபுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பிள்ளைக்கு அந்த அடித்தளம் இருப்பது போலத் தெரிகிறது.

ஆனால் பரதம் ஏதோ கை படாமல் அப்படியே வந்தது, அதில் வேறெதுவும் பட்டால் தீட்டு என்ற எண்ணத்தில் யாராவது பேசினால் அதை ஏற்க மாட்டேன். இன்று நாங்கள் ஆடுகிற கச்சேரி ஒழுங்கே 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, ஒழுங்குபடுத்தியது. கோயிலிலும் அரண்மனையிலும் சதிர் என்று இருந்ததை 1930களில் ஈ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் சபா மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார், உடை, மேடை, எதை ஆடுவது எதை விடுவது எல்லாம் மாறியது. 1947இல் மதராஸ் மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்து சட்டம் வந்தது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அதற்குள் மேடையை விட்டே போய்விட்டன. பாலசரஸ்வதி மாதிரி அந்த மரபிலிருந்தே வந்து உலகம் முழுக்க மதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வரலாற்றை ஒழுங்காகப் படித்த பிள்ளை கண்டிய நடனத்தின் முன்னால் போய் நின்றால் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். இதை யார் வைத்திருந்தார்கள்? மேளமடிக்கிற பெரவா சாதிக் குடும்பங்கள். எதற்காக ஆடினார்கள்? கொஹொம்பா கங்காரிய என்ற இரவு முழுக்க நடக்கிற சடங்குக்காக, நோய் தீரவும் ஊர் செழிக்கவும். வெஸ் தலையணி ஒரு மேடை அலங்காரம் இல்லை, சடங்கோடு தலையில் ஏற்றுகிற பொருள். அது பெரஹராவுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ஹோட்டலில் வெளிநாட்டவர் முன்னால் அரை மணி நேரத்துக்கும் வந்தபோது என்ன கூடியது, என்ன போனது, யாருக்கு மரியாதை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? சதிருக்கு நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அறிவு தனி டீச்சர் வகுப்பில் கிடைக்காது, எங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. பல்கலைக்கழகம் போவதென்றால் அதற்காகத்தான் போக வேண்டும். நாலு விதமான அடவு சேர்ப்பதற்கு என்றால் கம்பஸ் தேவையில்லை.

மட்டுநகர் மத்தளம் எழுதியது:

மேலே எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. தமிழ் என்றால் பரதம், சிங்களம் என்றால் கண்டி, இவ்வளவுதானா இலங்கையின் ஆட்டம்?

நான் மட்டக்களப்பு, வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன், ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரிடம் வடமோடிக் கூத்துப் பழகினவன். கூத்தில் வரவு என்று ஒன்று இருக்கிறது. பாத்திரம் களரிக்குள், அதாவது ஆடுகிற இடத்துக்குள், வரும்போது அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, மத்தளம் பேச, அரசனென்றால் அரசனுக்குரிய ஆட்டம், தூதனென்றால் தூதனுக்குரிய ஆட்டம், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னமே வந்தவர் யார் என்று சனத்துக்கு விளங்கிவிடும். களரி வட்டம், சனம் சுற்றி வர இருக்கும், அதனால் பரதம் மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஆட ஏலாது, எல்லாப் பக்கத்துக்கும் முகம் கொடுக்க வேண்டும். வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு என்கிற பாரமான உடை போட்டு முடியும் வைத்து விடிய விடிய ஆடுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். மற்ற வகைக் கூத்தான தென்மோடியில் உடை லேசு, ஆட்டம் நுணுக்கம், பாட்டு இழுத்துப் பாடுவார்கள்.

இது பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள் தங்கச்சி. 1956இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சரச்சந்திர மனமே நாடகத்தை மேடையேற்றினார், சிங்கள நாடக வரலாற்றையே மாற்றினது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் எடுத்தாண்ட நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்துக்கு வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. அதே பேராதனையில்தான் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று 1960களில் மேடையேற்றினார். இராவணேசனில் ஆடின மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்தக் கூத்தையே கிழக்கில் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். இரண்டு மொழிக்காரர் ஒரே வளாகத்தில் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்ததால் நடந்தது இது. பல மரபு சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்களே, இதுதான் கிடைக்கும்.

கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, அங்கேயும் பரதம் தமிழில் படிக்கலாம், வார இறுதியில் கூத்துப் பழகும் ஊருக்குப் போய் உட்காரலாம். யாழ்ப்பாணமா கொழும்பா என்று மட்டும் யோசிக்காமல் இதையும் பட்டியலில் போடுங்கள். எங்கே படித்தாலும் மலையகத்துக் காமன் கூத்தை, கிழக்கில் முஸ்லிம்கள் ஆடுகிற களிகம்பை, புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவழியினர் பாடி ஆடுகிற மாஞ்சாவைப் போய்ப் பாருங்கள். எல்லாம் இந்த ஒரு தீவுக்குள்தான்.

தெஹிவளைச் சலங்கை எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. மத்தளம் அண்ணா, கல்லடி பற்றி எனக்கு யோசனையே வரவில்லை, அம்மாவிடமும் சொன்னேன். டீச்சரிடம் நட்டுவாங்கம் டீச்சர் எழுதினதை வாசித்துக் காட்டினேன், வர்ணம் முழுசாக ஆடிக் காட்டு, பிறகு கதைப்போம் என்று சொல்லியிருக்கிறா.

அப்பா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முடித்துவிட்டு என்ன வேலை? அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கம்பஸில் எடுப்பதற்கு வைக்கிற உளச்சார்புப் பரீட்சையில் என்ன கேட்பார்கள்?

பனிநாட்டுப் பாதம் எழுதியது:

கொழும்பில் நடனம் படித்துவிட்டு இப்போது ஐரோப்பாவில் அதே துறையில் மேற்படிப்புச் செய்கிறேன்.

அப்பாவுக்கு நேராகச் சொல்லுங்கள், இலங்கையில் நடனப் பட்டத்துக்கு முதல் வேலை பாடசாலை ஆசிரியர் வேலைதான், அது நல்ல வேலை. அதற்கு மேல் போக விரும்பினால் ஆய்வு, ஆவணப்படுத்தல், விரிவுரை என்று வழி இருக்கிறது. கொரியோமுண்டஸ் என்று இரண்டு வருட மாஸ்டர்ஸ் ஒன்று நோர்வே, பிரான்ஸ், ஹங்கேரி, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது, பல நாட்டு நடனங்களை மனிதவியல் கண்ணோடு படிக்கிற படிப்பு. எங்கள் நாட்டுப் பிள்ளைகள் இப்படியானவற்றுக்கு விண்ணப்பிக்கத் தயங்குவது எனக்குக் கவலை.

இந்தத் துறையில் முதலில் மாறுகிற விஷயம் பார்வை. நீண்ட காலமாக மேற்கில் பாலே என்றால் கலை, மற்றவர்கள் ஆடுவதெல்லாம் இனக்குழு நடனம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1970க்குக் கிட்ட ஜோன் கியாலினோஹோமோகு என்ற அமெரிக்க ஆய்வாளர், பாலேயும் ஐரோப்பியரின் ஓர் இனக்குழு நடனம்தான், அதிலும் அவர்களுடைய அரண்மனை, அவர்களுடைய திருமணம், அவர்களுடைய பூவும் அன்னமும்தான் இருக்கிறது என்று எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குள்ளேயும் பரதம் செவ்வியல், கூத்து கிராமியம் என்று அதே மாதிரி ஏணி போட்டு வைத்திருக்கிறோம். மத்தளம் அண்ணா சொன்ன மனக்குறை அதுதான்.

இன்னொன்று, நடனத்தை எழுதிவைப்பது. 1928இல் நடனக் கோட்பாட்டாளர் லாபான் வெளியிட்ட, அசைவை எழுதுகிற குறிமுறையில் எங்கள் முதல் அடவான தட்டடவை எழுதிப் பார்த்தேன், கால் வருகிறது, பாரம் எந்தக் காலில் என்பது வருகிறது. பதம் என்கிற அபிநய உருப்படியில் ஒரே வரிக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் செய்கிற அபிநயத்தை எழுதப் போனால் தாள் நிரம்புகிறதே தவிர விஷயம் அகப்படவில்லை. எந்தக் கருவி எந்த மரபுக்குப் பொருந்தும் என்பதே ஒரு பெரிய ஆராய்ச்சி, அதைச் செய்ய உள்ளேயிருந்து ஆடத் தெரிந்த ஆள் வேண்டும்.

கலந்தால் கெடும் என்ற பயத்துக்கு ஒரு பதில் கொழும்பிலேயே இருக்கிறது. கண்டிய நடனக் கலைஞர் சித்ரசேன இளவயதில் இந்தியா போய்த் திருவிதாங்கூரில் கதகளியும் பிறகு சாந்திநிகேதனில் நடனமும் படித்தவர். அதனால் அவருடைய கண்டிய நடனம் கதகளியாகிவிடவில்லை. 2012இல் அவருடைய பள்ளியும் இந்தியாவின் ஒடிசி நடனப் பள்ளியான நிருத்யகிராமும் சேர்ந்து சம்ஹார என்ற நிகழ்ச்சியைச் செய்தார்கள், ஒடிசிக்காரர் ஒடிசி ஆடினார்கள், கண்டியர் கண்டியம் ஆடினார்கள், ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே ஆடினார்கள்.

நட்டுவாங்கம் எழுதியது:

பனிநாட்டுத் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், ஒன்றைத் தவிர. ஆய்வு என்று போகிற பிள்ளைகள் பலர் ஆடுவதை விட்டுவிடுகிறார்கள். காலையில் எழும்பித் தட்டடவு போடுவதை விட்டால் எழுதுவதிலும் உயிர் இருக்காது. தம்பியே உள்ளேயிருந்து ஆடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறார், அதைத்தான் நானும் சொல்கிறேன். பிள்ளை, எங்கே சேர்ந்தாலும் உங்கள் டீச்சரிடம் வருவதை நிறுத்தாதீர்கள். லீவுக்கு வந்தாலும் போய் ஆடுங்கள்.

பனிநாட்டுப் பாதம் எழுதியது:

உண்மை டீச்சர். இங்கே நான் இருக்கிற அறையில் மரத்தளம், கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் ஆடுகிறேன், ஆனால் ஆடுகிறேன்.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

உளச்சார்புப் பரீட்சை பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஒன்றைக் கவனியுங்கோ: யூ.ஜீ.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பத்தில் பாடநெறியைக் குறித்தால் மட்டும் போதாது, இப்படியான பாடநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் போட்டு விண்ணப்பம் கேட்கும். பேப்பரையும் அவர்களுடைய இணையத்தளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கோ, அதைத் தவறவிட்டால் ஏ.எல். இசட் ஸ்கோர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணம், கல்லடி, கொழும்பு மூன்றுக்கும் போடுங்கோ, எது முதலாவது என்பதை யூ.ஜீ.சி. விண்ணப்பம் நிரப்பும்போது முடிவெடுக்கலாம்.

ஒவ்வொரு இடமும் தன் விதமாகப் பார்க்கும், அதனால் நான் எதிர்கொண்டதை மட்டும் சொல்கிறேன். தயார்பண்ணிக்கொண்டு போன உருப்படியை முழுக்க ஆட விடவில்லை. நடுவில் நிறுத்தி, ஒரு ஜதியைத் தாளம் போட்டுச் சொல்லச் சொன்னார்கள், பிறகு நான் முன்பு கேட்டிராத ஒரு மேளத்தைக் கொஞ்சம் வாசித்துக் காட்டி அதற்கு அசையச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரியாத தாளம் கேட்டால் காலை அவசரப்பட்டு எடுக்காமல் முதலில் கையில் எண்ணுங்கோ.

கொழும்பு வளாகத்தைப் போய்ப் பார்க்க விருப்பமென்றால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கோ. இப்போது அங்கே படிக்கிற தங்கச்சி ஒருத்தியை எனக்குத் தெரியும், அவவோடு சேர்ந்து போனால் கேட்க வேண்டியதை நேரிலேயே கேட்கலாம், மேள வகுப்புக்கு வெளியே நின்று கேட்கவும் விடுவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

தெஹிவளைச் சலங்கை எழுதியது:

அக்கா, இப்போதே போடுகிறேன். அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டா, அப்பாவும் லீவு எடுக்கிறாராம்.